தெரியுதா... தெரியலையா?

உங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய யாராவது இருப்பார்கள். சத்தம் போடாமல் அவர் பின்னால் போய் நின்றுகொண்டு, "இப்போ தெரியுதா?" என்று உரக்கக் கேட்டுப் பாருங்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இல்ல... இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்பார்.

இளைய வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கேபிளும் டிஷ்ஷும் வருவதற்கு முன்னால் டி.வி. படம் காற்றில் வந்தது. மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் மீன்முள் மாதிரி ஓர் அலுமினிய ஆன்டெனாவைக் கட்டினால் அது பிடித்துக் கொடுக்கும். காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். காக்கா உட்கார்ந்தால் வளைந்துவிடும். உடனே மாடியில் ஒருவர், மாடிப்படியில் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் என்று அஞ்சல் ஓட்டம் ஆரம்பிக்கும். "தெரியுதா?" "தெரியல!" "இப்போ?" "வந்துடுச்சு, வந்துடுச்சு... ஐயோ, போயிடுச்சு!" 'வந்துடுச்சு' என்ற செய்தி படியேறி மேலே போய்ச் சேர்வதற்குள், மேலே இருப்பவர் இன்னும் இரண்டு அங்குலம் திருப்பியிருப்பார்.

பழைய நினைவுகளை அசைபோட இதை ஆரம்பிக்கவில்லை. இதே கூத்து 2024 ஜூன் மாதம், அமெரிக்காவில் என் சித்தி மகன் வீட்டில் நடந்தது. தீர்த்துவைத்தவர், தஞ்சாவூர், திருச்சியைத் தாண்டி அதிகம் போகாத திருக்காட்டுப்பள்ளி ரேடியோ மெக்கானிக் ஒருவர். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாவில் கல்லணைக்குக் கிழக்கே, காவிரியும் குடமுருட்டியும் ஓடுகிற ஊர். சுற்றிலும் வயல். மலை என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்துவிட்டது என்றாலும், எங்களுக்கு அது பேப்பரில் படித்த செய்திதான். கிட்டத்தட்ட 300 கி.மீ. தூரத்தை எந்த ஆன்டெனா எட்டும்?

எங்களுக்கு வாய்த்தது இரண்டு. ஒன்று, எண்பதுகளின் பின்பாதியில் வந்த கொடைக்கானல் ஒளிபரப்பு. இன்னொன்று, ஜப்பான் உதவியோடு 1982 பிப்ரவரி 15-ல் ஆரம்பித்த இலங்கையின் ரூபவாஹினி. கொடைக்கானல் வேண்டுமென்றால் கல்லணைப் பக்கம் திருப்பி, தெற்கே லேசாகத் தள்ளணும். ரூபவாஹினி வேண்டுமென்றால் பூதலூர் ரயிலடிப் பக்கம்.

கொடைக்கானல் தினமும் தெரியும். ரூபவாஹினி மனசு வைத்தால்தான். சில ராத்திரிகளில் சிங்களச் செய்தி கண்ணாடி மாதிரி வரும். ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் பத்துப் பேர் பாயைப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்ப்போம். வெளிநாட்டு டி.வி. ஆச்சே! மறுநாள் அதே நேரம் வெறும் புள்ளி மழை.

ஏன் அப்படி என்று எனக்குச் சொன்னவர் அந்த மெக்கானிக் அண்ணன். (பெயர் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது.) "அலை நேராத்தான் போவும் தம்பி. பூமி உருண்டை. கொஞ்ச தூரம் போனதும் பூமி கீழ எறங்கிடும், அலை தலைக்கு மேல போயிடும். அதான் ஒசரம் வேணுங்கறது."

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நான் பி.காம். படித்தவன், எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும். ஒளிபரப்புக் கோபுரம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை எடுத்து நாலால் பெருக்குங்கள். அலை எட்டும் தூரம் சுமாராக கிலோமீட்டரில் வரும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். கணக்குப்படி சுமார் 180 கி.மீ. உங்கள் மாடிக் குழாய் 9 மீட்டர் என்றால் அதன் பங்கு இன்னொரு 12 கி.மீ. கொடைக்கானலிலிருந்து எங்கள் ஊர் நேர்கோட்டில் ஏறக்குறைய 175 கி.மீ. அதாவது, விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தோம். குழாயைப் பத்தடி ஏற்றினால் படம், இறக்கினால் புள்ளி.

ரூபவாஹினியின் பெரிய டிரான்ஸ்மிட்டர் இலங்கையின் உச்சிச் சிகரமான பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில். எட்டவேண்டியது 200 கி.மீ. இருப்பதோ 450 கி.மீ.க்கும் மேலே. வடக்கே கொக்காவிலில் ஒரு மறு ஒளிபரப்பு நிலையம் இருந்தது. அதுவும் எங்களுக்கு 200 கி.மீ. தாண்டித்தான். (1990 சண்டையில் அது அழிந்தது. புதுக் கோபுரம் 2011-ல்தான் எழுந்தது.) ஆக, கணக்குப்படி ரூபவாஹினி எங்களுக்குத் தெரியவே கூடாது. ஆனால் கடல்மேல் சில ராத்திரிகளில் குளிர்ந்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயுமாகப் படிந்துவிடும். அந்த இரண்டுக்கும் இடையே அலை ஒரு வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மாதிரி மேலே போகாமல் வளைந்து வரும். அன்றைக்கு எங்களுக்குச் சிங்களச் செய்தி.

அந்த மீன்முள் ஆன்டெனாவும் ஜப்பான் சரக்குதான். 1926-ல் உடா, யாகி என்ற இரண்டு பேராசிரியர்கள் கண்டுபிடித்தது. ஜப்பான்காரர்கள் அப்போது அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்தபோது, பிரிட்டிஷ்காரர்களின் ராடார் குறிப்பில் 'யாகி' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கைதியிடம் விசாரித்தார்களாம். "உங்க ஊர்க்காரர் பேருதான் சார்" என்று அவன் சொல்ல, முழித்திருக்கிறார்கள். உள்ளூர்ச் சரக்கின் அருமை உள்ளூருக்குத் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எங்கள் ஊர் உள்ளூர்ச் சரக்குக்கு வருகிறேன்.

அண்ணனுக்கு அப்போது கூலி, ஆன்டெனாவைத் திருப்பிக் கொடுக்க அஞ்சு ரூபாய். பொங்கல், தீபாவளி சமயத்தில் சைக்கிளை நிறுத்த நேரம் இருக்காது. பிறகு தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. குழாய்கள் துணிக்கொடியாக மாறின. அண்ணன் கேபிள் இழுத்தார். பிறகு டிஷ். தூர்தர்ஷனின் இலவச டிஷ் 2004 டிசம்பரில் வந்தது, அண்ணன் டிஷ் மாட்டினார். 2021-22 வாக்கில், ஐம்பது போல முக்கியமான இடங்களைத் தவிர நாடெங்கும் தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். ஆன்டெனாவில் பிடிக்க வேண்டியதே காற்றில் இல்லாமல் போனது. அண்ணனுக்கு இப்போது எழுபதுக்கு மேல். எல்.இ.டி. பல்பு ரிப்பேர் பார்க்கிறார்.

நம் ஊரில் இப்படி. ஆனால் அமெரிக்காவில் ஆன்டெனா சாகவில்லை. அங்கே 2009 ஜூன் 12-ல் பெரிய நிலையங்களெல்லாம் பழைய அனலாக் முறையை நிறுத்தி, டிஜிட்டலுக்கு மாறின. காற்றிலேயே எச்.டி. படம், பைசா செலவில்லாமல். சந்தா கட்டி அலுத்தவர்கள் இருபது முப்பது டாலருக்கு ஓர் ஆன்டெனாவை வாங்கி வீட்டுக்குள் மாட்டிப் பார்க்கிறார்கள்.

என் சித்தி மகன் இருப்பது டெக்சாஸில், டல்லஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ என்ற ஊர். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். 2024-ல் அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு. விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால், அடுத்ததைத் தேடிக்கொள்ள 60 நாள். வீட்டுச் செலவுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். முதலில் போனது மாதம் எழுபது டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த டி.வி. சந்தா. சித்திக்கு விஷயம் தெரியாது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

பெரியவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். அவன் பெண்ணுக்கு ஒன்பது வயது. அந்த ஜூனில் டல்லஸ் அணி கூடைப்பந்து இறுதிச்சுற்றுக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. ஆட்டங்கள் ஏபிசி-யில். ஏபிசி காற்றில் இலவசம். இவனும் ஓர் ஆன்டெனா வாங்கினான். டப்பாவில் 'எச்.டி., 4கே, 200 மைல்' என்று போட்டிருந்ததாம். எல்லா சேனலும் வந்தது. ஏபிசி வரும் 8-ம் நம்பர் மட்டும் வரவில்லை.

"அண்ணா, இன்னொண்ணு வாங்கட்டுமா? இதைவிடப் பெரிய பூஸ்டரோட நூறு டாலர்ல இருக்கு" என்று எனக்கு போன்.

வேலையில்லாதவனுக்கு நூறு டாலர் பெரிய பணம். "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு திருக்காட்டுப்பள்ளிக்கு போன் போட்டேன். அண்ணனின் பேரன் வாட்ஸ்அப்பில் மூன்று பேரையும் சேர்த்துவிட்டான்.

அண்ணனுக்கு இவனை நன்றாகத் தெரியும். கோடை லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தால், மாடிப்படி டியூட்டி இவனுக்குத்தான். "ஏம்ப்பா, அமெரிக்கா போயும் ஆன்டெனாவா? கேபிளுக்குக் கட்டக் காசில்லையா?" என்று சிரித்தார்.

இரண்டு விநாடி சத்தமில்லை. பிறகு, "ஆமாண்ணே. வேலை போயிடுச்சு" என்றான். பெற்ற தாயிடம் சொல்லாததை.

அண்ணன் அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சரி. எனக்கு மூணு தடவை போயிருக்கு" என்றார். அடுத்த மூச்சில், "டவர் எந்தப் பக்கம்?" என்றார்.

இனி வருவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் உதவும். இல்லாவிட்டாலும் உதவும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டவர் எந்தப் பக்கம் என்று இவனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தான். டல்லஸ் நிலையங்களின் கோபுரங்களெல்லாம் சீடர் ஹில் என்ற இடத்தில் கூட்டமாக நிற்கின்றன. 1,500 அடிக்கு மேல் உயரம். இவன் வீட்டுக்குத் தெற்கே அறுபது கி.மீ. போல. ஆன்டெனாவை ஒட்டியிருந்ததோ, டி.வி.க்குப் பின்னால், வடக்குச் சுவரில். நம் வர்க்கமூலக் கணக்கைப் போட்டால் 1,500 அடிக் கோபுரம் எண்பது, தொண்ணூறு கி.மீ. எட்டும். 200 மைல் என்றால் 320 கி.மீ. டப்பாவில் எது வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், பூமி உருண்டையாகத்தான் இருக்கும். 'எச்.டி. ஆன்டெனா' என்பதும் அப்படித்தான். ஆன்டெனாவுக்கு எச்.டி.யும் தெரியாது, கறுப்பு வெள்ளையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அலைநீளம்.

இரண்டாவது கேள்வி: "நடுவுல என்னென்ன இருக்கு?" ஃபிரிட்ஜ், அடுப்பு, படிக்கட்டு. அதைவிட முக்கியம் ஜன்னல். வெயில் உள்ளே வராமலிருக்க அங்கே கண்ணாடியில் மெல்லிய உலோகப் பூச்சு பூசியிருப்பார்கள். டெக்சாஸ் வீடுகளில் கூரைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் வேறு. உலோகம் என்றால் அலைக்குச் சுவர். "கண்ணாடிய நம்பாத. மாடி ரூம்ல தெக்குப் பக்கத்துச் சொவத்துல வை" என்றார் அண்ணன்.

மூன்றாவது: "பூஸ்டர் போட்டிருக்கியா? கழட்டு." நூறு டாலர் பூஸ்டர் வாங்க நின்றவனுக்கு இது அதிர்ச்சி. என் படிப்புக்கு இது உடனே விளங்கியது. ஒரு கடையில் நூறு ரூபாய் வரவு, தொண்ணூறு ரூபாய் செலவு என்று வையுங்கள். இரண்டையும் பத்தால் பெருக்கினால் கணக்குப் புத்தகம் தடியாகும். நூற்றுக்குப் பத்து என்ற விகிதம் அப்படியேதான் இருக்கும். பூஸ்டர் சிக்னலைப் பெருக்கும்போது கூடவே வந்த இரைச்சலையும் பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். பக்கத்து நிலையத்தின் சிக்னல் பலமாக இருந்தால் திக்குமுக்காடி எல்லாவற்றையும் கெடுக்கும். அது உதவும் இடம் ஒன்றுதான்: நீள ஒயரில் சிக்னல் தேய்ந்துபோவதற்கு ஈடுகட்ட. அதற்கும் மேலே, ஆன்டெனா பக்கத்தில் மாட்டணும். கீழே டி.வி. பக்கத்தில் மாட்டுவது, பயிர் காய்ந்த பிறகு மடை திறக்கிற மாதிரி.

நான்காவது: "ஒயர் எத்தனை அடி? எத்தனை டி.வி.க்குப் பிரிச்சிருக்க?" இரண்டு டி.வி.க்குப் பிரித்திருந்தான். ஆளுக்குப் பாதிதான் போகும். "ஒண்ணை எடுத்துடு."

ஐந்தாவது: "வராத சேனல் நெசமாவே எட்டா?" இது அனுபவசாலியின் கேள்வி. அங்கே திரையில் காட்டும் நம்பர் ஒன்று, உண்மையான அலைவரிசை வேறாக இருக்கும். இவன் தேடிப் பார்த்தான். இந்த எட்டு நிஜமாகவே எட்டு. அங்கேதான் முடிச்சு இருந்தது. மற்ற சேனல்களில் பெரும்பாலானவை யு.எச்.எஃப். அந்த அலைக்கு ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளமுள்ள கம்பி போதும், ஆகவே அட்டை மாதிரி ஒட்டுகிற ஆன்டெனா சமாளித்துவிடும். 7 முதல் 13 வரை வி.எச்.எஃப். அலை நீளம், கம்பியும் நீளமாக வேண்டும். "பழைய மாதிரி ரெண்டு குச்சி வெச்சது கெடைக்குமா பாரு. ரெண்டும் சேர்ந்து ரெண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். டவர் தெக்க இருந்தா, குச்சிய கெழக்கு மேற்கா படுக்க வை."

முயல் காது என்று சொல்வார்களே, அந்த ரகம். இருபது டாலருக்குள் கிடைத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தடுமாறினார். "இப்போ புள்ளி வருதா, நிழல் விழுதா?" என்று கேட்டார். டிஜிட்டலில் புள்ளியும் கிடையாது, நிழலும் கிடையாது. சிக்னல் போதுமானால் பளிங்கு மாதிரி படம். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும். இன்னும் ஒரு பிடி குறைந்தால் ஒன்றுமே இல்லை. "அப்போ எதை வெச்சுத் திருப்புவ?" என்றார் கவலையாக. டி.வி. மெனுவில் சிக்னல் அளவு காட்டும் கோடு இருப்பதை இவன் காட்டினான். அண்ணன் சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். "இது அன்னைக்கே இருந்திருந்தா மாடிப்படிக்கு ஆள் வேணாமே" என்றார்.

ஆனால் ஆள் வேண்டியிருந்தது. டி.வி. கீழே, ஆன்டெனா மேலே. கீழே கோட்டைப் பார்த்துச் சொல்ல அந்தக் குழந்தை. அவன் மாடியிலிருந்து "தெரியுதா?" என்று கத்துவதும், அவள் "கொஞ்சம் லெஃப்ட் அப்பா!" என்று கத்துவதும் எனக்கு போனில் கேட்டது. இடத்தை மாற்றியபின் டி.வி.யில் சேனல்களை மறுபடி தேடவைக்க வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு ஆன்டெனாவைத் திட்டுவார்கள். தேடவைத்தான். எட்டு வந்துவிட்டது.

ஜூன் 14, நான்காவது ஆட்டம். டல்லஸ் 122, பாஸ்டன் 84. கோப்பை என்னவோ பாஸ்டனுக்குத்தான் போனது. ஆனால் டல்லஸ் ஜெயித்த அந்த ஒரே ஆட்டத்தை அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த வாரம் அவனே சித்திக்கு போன் போட்டு, வேலை போன விஷயத்தைச் சொன்னான். 60 நாள் முடிவதற்குள் வேறு இடமும் கிடைத்தது.

இல்லாவிட்டாலும் உதவும் என்றேனே, அது இதுதான். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியும் ஆன்டெனாதான். அதை டி.வி.க்குப் பின்னாலோ, இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலோ ஒளித்துவைத்துவிட்டு, பின்கட்டில் நெட் வரவில்லை என்று பெரிய பிளானுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். பணத்தை எடுப்பதற்கு முன் அண்ணனின் கேள்விகளைக் கேளுங்கள். எங்கிருந்து வருகிறது? நடுவில் என்ன இருக்கிறது? எத்தனை பங்காகப் பிரிகிறது? பெட்டியை உயரமாக, வீட்டுக்கு நடுவில், இரும்பை விட்டுத் தள்ளி வையுங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குச் செலவு ஒரு ஆணி.

அண்ணனுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று சித்தி மகனுக்கு ஆசை. "எவ்வளவுண்ணே அனுப்பட்டும்?" என்று கேட்டிருக்கிறான்.

"திருப்புக்கூலி அஞ்சு ரூவா. வேலைக்குப் போனப்புறம் குடு" என்றாராம்.